நான்கில் சனியும் செவ்வாயும்: மனையை விற்றுவிட வேண்டுமா?

கேள்வி: 1986 மாசி மகத்தன்று மாலை 6.15 மணிக்கு ஊட்டியில் பிறந்தேன். சிம்ம லக்னம், சிம்ம ராசி, மகம் நட்சத்திரம். 2023 கடைசியில் கேத்திப் பக்கம் ஐந்து சென்ட் மனை வாங்கினேன். சரிவில் கட்டிய தடுப்புச் சுவர் போன கார்த்திகை மழையில் இடிந்தது. திரும்பக் கட்ட முன்பணம் வாங்கிய மேஸ்திரி வரவே இல்லை. நான்காம் இடத்தில் சனியும் செவ்வாயும் சண்டை போடுகின்றன, மனையை விற்காவிட்டால் அம்மாவுக்கு ஆகாது என்கிறார் ஒரு ஜோதிடர். பரிகாரத்துக்கு நாற்பதாயிரம் கேட்கிறார். அம்மா அதே சரிவில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பயத்தில் தூக்கமே இல்லை.
வாசகி, கேத்தி

பதில்: முதலில் அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள், சகோதரி. அது சுவருக்கு வேண்டிய பணம்.

உங்கள் கட்டத்தை நானே போட்டுப் பார்த்தேன். வீடு, மனை, தாய் மூன்றையும் குறிக்கும் நான்காம் இடம் உங்களுக்கு விருச்சிகம். அது செவ்வாயின் சொந்த வீடு. சிம்ம லக்னத்துக்கு நான்குக்கும் ஒன்பதுக்கும் உடையவர் செவ்வாய், அதாவது நன்மை செய்யும் யோககாரகர். அவர் கேந்திரத்தில் (1, 4, 7, 10-ஆம் இடங்களில் ஒன்றில்) ஆட்சியாக, அதாவது சொந்த வீட்டில், இருப்பது ருசக யோகம் என்ற நல்ல அமைப்பு. மனை வாங்குகிற ஜாதகம் இதுதான். 2023 நடுவில் செவ்வாய் தசை ஆரம்பித்தது, அந்த வருடமே மண் உங்கள் கைக்கு வந்துவிட்டது பாருங்கள்.

சனி அங்கே விருந்தாளி. ஆறுக்கும் ஏழுக்கும் உடையவர். ஆறாம் இடம் கடன், தகராறு, வேலையாட்கள். மேஸ்திரி விஷயம் அந்த வழியில் வந்தது. இப்போது செவ்வாய் தசைக்குள் நடக்கும் உட்பிரிவும் சனி புக்தி, 2026 கடைசி வரை. மகத்துக்கு அஷ்டமச் சனியும் (ராசிக்கு எட்டாம் இடத்தில் சனி நடக்கும் காலம்) சேர்ந்திருப்பதால் தாமதமும் அலைச்சலும் இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் சண்டை என்பது தவறு. இரண்டு கிரகங்கள் ஒரு பாகைக்குள் நெருங்கினால்தான் கிரக யுத்தம். உங்களுக்கு இடைவெளி மூன்று பாகைக்கு மேல். சனி அனுஷத்தில், செவ்வாய் கேட்டையில். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கவனிக்கச் சொல்வது ராசியை. விருச்சிகம் நீர் ராசி, அதிலும் ஒளிந்திருக்கும் நீர். நம் மலையில் அதைத்தான் ஊற்று என்கிறோம். செவ்வாய் மண்ணைத் தோண்டுகிறவர், சனி கல்லும் பாரமும். தோண்டிய சரிவில் கல்லை அடுக்கி, பின்னால் தண்ணீர் நின்றால் என்ன ஆகும்?

2009 நவம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீலகிரியில் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அப்போது குன்னூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்சுவர் இருந்தது. முதல் நாள் கல் இடுக்கில் கசிந்த நீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மறுநாள் காலை அதே இடுக்கில் செம்மண் கலந்து டீ நிறத்தில் வந்தது. மத்தியானம் சுவர் வயிறு தள்ளியது. பிள்ளைகளை முன்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தோம், ராத்திரி சுவர் விழுந்தது. அன்றிலிருந்து நான்காம் இடத்து நீர் ராசியில் சனி இருந்தால், பரிகாரத்துக்கு முன்னால் வடிகால் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

எனவே சித்திரை, வைகாசியில், மழைக்கு முன், சுவரை முடியுங்கள். மண் பரிசோதித்துப் பார்க்கிற பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். சுவரில் வரிசையாக வடிகுழாய் வேண்டும். பின்னால் தோண்டிய மண்ணையே கொட்டாமல் கருங்கல் சல்லி போடட்டும். மேல் சரிவு நீர் மனைக்குள் இறங்காமல் ஒரு வாய்க்கால். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2026 ஜூன் 2-ல் குரு கடகத்தில் உச்சமாகி, ஐந்தாம் பார்வையாக உங்கள் நான்காம் இடத்தைப் பார்க்கிறார், ஒன்பதாம் பார்வையாக இப்போது மீனத்தில் நடக்கும் சனியையும். புதுச் சுவருக்கு நல்ல காவல். கடகம் உங்களுக்குப் பன்னிரண்டாம் இடம், செலவு வரும், அது சுபச் செலவு. வீட்டு வேலையைச் சனி புக்தி முடிந்து, மழையும் விட்ட பிறகு, தை 12 வாஸ்து நாளில் தொடங்குங்கள். அனுமதிக் காகிதங்களை அதற்குள் கையில் வாங்கிவிடுங்கள்.

அம்மாவைப் பற்றிப் பயமே வேண்டாம். தாய்க்குக் காரகன், அதாவது தாயைக் குறிக்கும் கிரகம், சந்திரன். உங்களுக்கு அவர் பௌர்ணமிச் சந்திரனாக லக்னத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் வலி, மூச்சிரைப்பு என்று ஏதாவது இருந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம், என்னிடம் வேண்டாம்.

வழிபாடு வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை ஊட்டி எல்க் மலை முருகனுக்கு ஒரு விளக்கு. முடிந்தால் யாருக்காவது துவரம்பருப்பு கொடுங்கள். அவ்வளவு போதும்.

அப்புறம், சுவருக்குக் கல் இறக்குவதற்கு முன் அம்மாவை ஒருநாள் வெயிலில் மனைக்கு அழைத்துப் போங்கள். முப்பது வருடம் நடந்த சரிவு அது. கோடையிலும் ஈரம் காயாத இடம் எது, பழைய ஊற்று எந்தப் பக்கம் என்று அவர் கை காட்டுவார். அங்கே ஒரு குச்சி நட்டு வையுங்கள், பொறியாளர் வந்ததும் முதலில் அதைக் காட்டுங்கள்.