இளஞ்சிவப்பு ரிப்பனுக்கு அப்பால்

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்குக் கிடைக்கும் விழிப்புணர்வும் நிதியும் நுரையீரல், கணையப் புற்றுநோய்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?

பதில்: பேச ஆள் இல்லை என்பதுதான் முக்கியக் காரணம். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், 1990களின் தொடக்கத்திலிருந்து மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான இளஞ்சிவப்பு ரிப்பனோடு தெருவில் இறங்கினார்கள், நிதி திரட்டினார்கள், அரசுகளிடம் வாதாடினார்கள். கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவருகிறது, போராட உடம்பில் தெம்பும் இல்லை, நாளும் இல்லை.

நுரையீரல் விஷயம் இன்னும் கொடுமை. 2022இல் உலகில் சுமார் 18 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள், மார்பகப் புற்றுநோய் இறப்புகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் ‘சிகரெட் பிடித்திருப்பார்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். புகையே தொடாதவர்களுக்கும் அது வருகிறது. சரி, புகைத்தவர் என்றே வைத்துக்கொள்வோம், அவர் பிழைக்க வேண்டாமா?