பழைய செயின்சா: ஸ்குரூவுல கை வைக்கும் முன்னாடி

மார்த்தாண்டம் பக்கம் பழைய செயின்சா, அதான் மரம் அறுக்குற மிஷினை, பிரிச்சு மாட்டுறதுதான் எனக்க தொழில். ஒரே மாதிரி கேட்டிருந்த கேள்விகளைச் சேர்த்துப் போட்டிருக்கேன். ஊர் பேர் மட்டும் குடுத்திருக்கேன், ஆள் பேர் வேண்டாம்.

குலசேகரம்: அண்ணே, ரெண்டாம் கையா வாங்குன 58 சிசி மிஷின். காலையில ரெண்டு இழுப்புல ஓடும். கால் மணி நேரம் ரப்பர் மரம் வெட்டினா நின்னுரும். ஆறவிட்டா திரும்ப ஓடும். கார்பரேட்டர் புதுசு மாத்தியும் அதே கதைதான்.

கார்பரேட்டருக்குச் செலவழிச்ச காசு போச்சு தம்பி. அது கெட்டிருந்தா காலையிலயே தெரிஞ்சிருக்கும். அடுத்த தடவ நிக்கும்போது முதல்ல பெட்ரோல் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள போயி, உடனே ஸ்டார்ட் ஆனா டேங்குக்குக் காத்து போற வழி அடைச்சிருக்கு. காசு செலவில்லாத வேலை அது.

அப்படி இல்லன்னா சூடு ஆறுறதுக்குள்ள பிளக்கைக் கழட்டி, இன்னொரு நல்ல பிளக்கை வயர்ல மாட்டி, அதுக்க உடம்பை சிலிண்டர் உலோகத்துல ஒட்டி வச்சு இழுத்துப் பாருங்க. பிளக் ஓட்டையில இருந்து தள்ளி வச்சுதான் பாக்கணும், உள்ள இருந்து பெட்ரோல் ஆவி வரும். சூட்டுல தீப்பொறி இல்லாம, ஆறினா நல்லா வந்தா, பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற காயில் போயிடுச்சு. புதுசு மாட்டும்போது காயிலுக்கும் மேக்னெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டை வச்சு இறுக்குங்க. 0.3 மில்லிமீட்டர் பக்கம் இடைவெளி கிடைக்கும்.

ஆனா காயில் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி மேல் கவரையும் ஸ்டார்ட்டர் கவரையும் கழட்டிப் பாருங்க. ரப்பர் மரப்பொடி பாலோடயும் ஆயிலோடயும் சேர்ந்து சிலிண்டர் பட்டைகளுக்கு நடுவுல களியா ஒட்டியிருக்கும். காத்து போகலன்னா நல்ல காயிலும் வெந்து போகும். ரப்பர் வெட்டுறவங்க வாரம் ஒருக்கா இதைச் சுரண்டியே ஆகணும்.

அருமனை: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு கடையில 20 மில்லி ஆயில்ங்காங்க, இன்னொருத்தர் 40 மில்லிங்காரு. யாரு சொல்றது சரி?

ரெண்டு பேரும் சரிதான். 20 மில்லின்னா 50க்கு 1, 40 மில்லின்னா 25க்கு 1. மிஷினுக்க புஸ்தகத்துல 50ன்னு இருந்து, அதுல சொன்ன தரத்து ஆயிலும் கையில இருந்தா 20 போதும். புஸ்தகமே இல்லாத பழைய மிஷின், சாதாரண 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில்னா நான் 40 தான் ஊத்துவேன். ஆயில் கூடினா புகையும், பிளக் கறுக்கும், பிரஷ் போட்டுத் தேய்ச்சா சரியாகும். ஆயில் குறைஞ்சா பிஸ்டன் கீறும், அதை எதைப் போட்டும் தேய்க்க முடியாது.

பங்க் பெட்ரோல்ல இப்ப 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. அது ஈரத்தை இழுக்கும். நம்ம ஊர்ல ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. கேனை மூடாம வச்சா தண்ணி பிரிஞ்சு அடியில நிக்கும், டேங்குல பில்டரும் அடியிலதான் கிடக்கு. சந்தேகம் வந்தா கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சுப் பாருங்க, அடியில தனியா ஒரு அடுக்கு தெரியும். ரெண்டு மூணு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்க.

திருவட்டாறு: சும்மா நிக்கும்போது ஓடுது, ரேஸ் குடுத்தா அமந்து போகுது. கார்பரேட்டர்ல முழு ரேஸுக்குப் பெட்ரோல் அளவு வைக்கிற எச் ஸ்குரூவை ரெண்டு சுத்து திறந்து விட்டேன், அப்பவும் சரியாகல.

ஸ்குரூவைப் பழைய இடத்துக்கே கொண்டு போங்க. ஓடிக்கிட்டிருந்த மிஷின் திடீர்னு கெட்டா, ஸ்குரூ தானா திரும்பினதுன்னு அர்த்தம் இல்ல. பெட்ரோல் பில்டர் அடைச்சிருக்கும், இல்ல டேங்குக்குள்ள டியூப் வெடிச்சுக் காத்தை உறிஞ்சும். சாய்ச்சுப் பிடிச்சா ஓடி, நேரா வச்சா நின்னா டியூப்பேதான். சைலன்சர் வாயில சின்ன வலை இருந்தா அதுல கரி பிடிச்சிருக்கான்னும் பாருங்க.

இதெல்லாம் சரின்னா கார்பரேட்டரைத் திறங்க. உள்ள இருக்க குட்டி வலையைக் கழுவுங்க. டயாபிரம்ங்குற மெல்லிசு சவ்வு மெத்துன்னு இருக்கணும், தட்டினா சடசடன்னா சவ்வு வர்ற கிட்டை மாத்துங்க. கார்பரேட்டர் கம்பெனி வால்ப்ரோவா ஸாமாவான்னு மேலயே எழுதியிருக்கும், எழுத்தையும் நம்பரையும் குறிச்சுக்கிட்டுக் கடைக்குப் போங்க. மாட்டினபிறகு எல் (ரேஸ் குறைவா இருக்கும்போது பெட்ரோல் அளவு வைக்கிற ஸ்குரூ), எச் ரெண்டையும் மெல்ல உள்ள முட்டவிட்டு ஒரு சுத்து வெளிய எடுத்து ஆரம்பிங்க.

எச் ஸ்குரூவை இறுக்க இறுக்கச் சத்தம் கீச்சுன்னு ஏறும். கேக்க சுகமா இருக்கும், ஆனா பெட்ரோல் குறைஞ்சு, அதோட ஆயிலும் குறைஞ்சு பிஸ்டன் காயுது. மரத்துல வைக்காம முழு ரேஸ் குடுத்தா கொர்ர்னு விட்டு விட்டுக் கேக்கணும், மரத்துல வச்சதும் அந்தத் திக்கல் போயி ஒரே சீரா வரணும். அதுதான் சரியான இடம்.

தக்கலை: ரேஸ் குடுக்காமலே செயின் சுத்துது. ஐடில் குறைச்சா நின்னுருது.

சரி பண்ற வரை அதை எடுத்து வெட்டாதீங்க. ஐடில் நிதானமா இருந்தும் செயின் சுத்தினா கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கு. ஐடிலே தானா ஏறி இறங்கினா எங்கேயோ காத்து உள்ள போகுது: கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல உள்ள ரப்பர், இல்ல கிராங்க் ஆயில் சீல். பழைய மிஷின்ல அந்த ரப்பர் வெடிக்கிறது சகஜம். கையால வளைச்சுப் பாத்தா கீறல் தெரியும்.

கருங்கல்: வெட்டு நேராப் போகாம ஒரு பக்கம் வளையுது. செயின் புதுசுதான், ரெண்டு தடவ அரம் போட்டிருக்கு.

அரம் போட்ட கைதான் காரணம். வலது கைக்காரங்க ஒரு பக்கப் பல்லை நல்லா அழுத்தி ராவுவாங்க, மறு பக்கம் மொட்டையா விட்டுருவாங்க. எல்லாத்துலயும் குட்டையான பல்லை அளவா வச்சு மத்ததையும் அதுக்குச் சமமாக்குங்க. கண்ணி அளவு (அங்குலக் கணக்கு) .325 உள்ள செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம், பெரிய மிஷின்ல வர்ற 3/8 செயினுக்கு 5.2 இல்ல 5.5. கோணம் பொதுவா 30 டிகிரி. பல்லுக்கு முன்னால உள்ள திமில் பல்லை விட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தா போதும். அதைக் கண்டபடி ராவினா மிஷின் கையைப் பிடிச்சு இழுக்கும். அரம் போடுற நாளெல்லாம் செயின் ஓடுற நீளத் தகடான பாரையும் தலைகீழா மாத்தி மாட்டுங்க, ஒரே பக்கம் தேயாது.

இன்னொண்ணு. ரப்பர் மரம்னா சிரட்டை கட்டின கம்பியையும் பால் வடியுற தகட்டையும் பிடுங்கிட்டு வெட்டுங்க. பழைய கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சு கிடக்கும், தடவிப் பாருங்க. அதுல மாட்டின செயினை அரம் காப்பாத்தாது. வேலியில நின்ன பிலா, அயினியிலயும் ஆணி இருக்கும். தென்னையில ஆணியே வேண்டாம், அந்த நாரும் அதுல உள்ள மணல் சத்துமே பல்லை மழுக்கிரும்.

பேச்சிப்பாறை: 2017 ஒக்கி புயல்ல விழுந்த ரப்பரை வெட்ட வாங்கின மிஷின். அந்த வேலை முடிஞ்சதும் பெட்ரோலோட மச்சுல போட்டது. இனி உயிர் வருமா?

வரும். ஆனா இப்ப கயிறை இழுக்காதீங்க. பிளக்கைக் கழட்டி ரெண்டு மூணு சொட்டு 2டி ஆயில் விட்டு, ஒரு ராத்திரி வச்சுட்டு மெல்லச் சுத்திப் பாருங்க. சுத்தினா சைலன்சரைக் கழட்டுங்க, ரெண்டு மூணு போல்ட்டுதான். ஓட்டை வழியா டார்ச் அடிச்சா பிஸ்டன் தெரியும். வழுவழுன்னு இருந்தா செலவு பண்ணலாம்: டியூப், பில்டர், கார்பரேட்டர் கிட், பிளக், நாலும் கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. பிஸ்டன்ல நெட்டுக்குக் கீறல் இருந்தா போர் (சிலிண்டர்), பிஸ்டன் விலையைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பேர் பெற்ற கம்பெனி மிஷின்னா போடலாம். பேர் தெரியாத மிஷின்னா அந்தக் காசோட கொஞ்சம் சேர்த்தா புதுசே வரும்.

நாகர்கோவில்: அண்ணாச்சி, பழசு ஒண்ணு வாங்கப் போறேன். எதைப் பாக்கணும்?

போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க, ஆறினபிறகு வாறேன்னு டீ குடிக்கப் போங்க. அப்புறம் ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடிச்சு மிஷினைத் தரைக்கு மேல தொங்கவிடுங்க. தடங்கித் தடங்கி இறங்கினா கம்ப்ரெஷன் உண்டு, சர்ருன்னு விழுந்தா வேண்டாம். செயின் பிரேக்கைத் தட்டினா ஓடுற செயின் அப்பவே நிக்கணும். பெயிண்ட் பளபளப்பைப் பாத்து விலை பேசாதீங்க.

குளச்சல்: பாருக்கு வண்டியில இருந்து எடுத்த கரி ஆயில் ஊத்தலாமா?

வேண்டாம். அதுல இரும்புத்தூள் கிடக்கும், ஆயில் பம்ப்பைத் தின்னும். பார் நுனியை வெள்ளைக் காகிதத்துக்கு மேல பிடிச்சு ரேஸ் குடுத்தா ஆயில் கோடு விழணும். விழலன்னா பார்ல உள்ள ஆயில் ஓட்டையை ஒரு கம்பி விட்டுக் குத்துங்க. பத்துக்கு எட்டு மிஷின்ல அந்த ஓட்டைதான் அடைச்சிருக்கும்.

களியல்: செயின் பிரேக் அடிக்கடி விழுது, கழட்டிப் போட்டுட்டு வெட்டலாமா?

கழட்டின மிஷினை எனக்க கடைக்குக் கொண்டு வராதீங்க, தொட மாட்டேன். பிரேக் பட்டையும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே கிடைக்கும், மாத்திட்டு வாங்க.