கேளுங்க, சொல்றேன்: சீந்தில் கஷாயமும் அம்மாவோட விரலும்

கேள்வி: அம்மாவுக்கு 56 வயசு, முடக்குவாதம். காலைல எழுந்தா விரல் மடங்காது, காபி டம்ளரையே ரெண்டு கையாலதான் புடிக்கிறாங்க. வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடுறாங்க. பக்கத்து வீட்டு அக்கா சீந்தில் கஷாயமும் மஞ்சள் கேப்சூலும் எடுத்தா எதிர்ப்பு சக்தி ஏறும், மாத்திரைய நிறுத்திடலாம்னு சொல்றாங்க. நிறுத்தலாமா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: நிறுத்தாதீங்கம்மா. எதிர்ப்பு சக்தி ஏறும்னு சொல்றாங்க பாருங்க, சிக்கலே அங்கதான். அம்மாவுக்கு அது கம்மியாகி வந்த நோய் இல்ல, அது அளவு மீறிப் போயி சொந்த மூட்டையே தாக்குறதால வந்தது, அத அடக்கத்தான் இந்த மெத்தோட்ரெக்ஸேட். ஆத்துல தண்ணி கரைய உடைச்சிகிட்டு வயலுக்குள்ள வர்றப்ப மதகையும் தொறந்து விடுன்னு யாராச்சும் சொல்வாங்களா.

சீந்தில் அந்த சக்திய கெளப்பி விடுற கொடி. கொரோனா சமயத்துல அத எடுத்துகிட்ட ஆறு பேருக்கு கல்லீரல் வீங்கிப் போனத மும்பை டாக்டர்கள் 2021ல எழுதியிருக்காங்க. அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

மஞ்சள் கத வேற. அதுல இருக்க குர்குமின் வீக்கத்த தூண்டி விடுற என்எஃப் கப்பா பிங்குற புரதத்த அடக்குதுன்னு ஆய்வகத்துல நல்லாவே பாத்திருக்காங்க. ஆனா 100 கிராம் மஞ்சத்தூள்ல அது சுமாரா 3 கிராம்தான், அதுலயும் ரத்தத்துல சேர்றது ரொம்ப கொஞ்சம். மொளகுல இருக்க பைப்பரின் 20 மில்லிகிராம் சேத்தா 20 மடங்கு கூட ஏறுதுன்னு 1998ல பெங்களூர்ல கண்டுபுடிச்சாங்க, அதனாலதான் கேப்சூல்காரங்க எல்லாம் மொளகு சத்த சேக்குறாங்க. அப்படி ஏத்துன மஞ்சள் சில பேருக்கு கல்லீரல கெடுத்திருக்கு. மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலுக்கு பாரம்தான், அதுக்காகத்தான டாக்டர் அப்பப்ப ரத்தம் எடுத்து பாக்கச் சொல்றாரு. ரெண்டு பாரத்தையும் ஒரே தோள்ல ஏத்தாதீங்க. கொழம்புல போடுற மஞ்சள், ராத்திரி ஒரு சிட்டிகை போட்ட பால், இதெல்லாம் தாராளமா.

இன்னொன்னு, கெஞ்சியே கேக்குறேன், அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தெனம் போடுறதுன்னு நெனச்சு போட்டு உயிர் போனவங்க இருக்காங்க. காலண்டர்ல அந்தக் கெழமைய செவப்பு பேனாவால வட்டம் போட்டு வைங்க, அதுகூட தர்ற போலிக் ஆசிட்ங்கிற வைட்டமின் மாத்திரை எந்த நாள்னு டாக்டர்ட்ட கேட்டு அதையும் பக்கத்துலயே எழுதிடுங்க.

கேள்வி: எங்க கொல்லைல செங்காந்தள் நெறைய மொளைக்கும். கெழங்க அரைச்சுக் குடிச்சா மூட்டுவலி போகுமா?
- வாசகர், வேதாரண்யம்

பதில்: வாயில வைக்காதீங்க தம்பி! பச்ச, மஞ்ச, செவப்புன்னு நெறம் மாறிப் பூக்குற நம்ம மாநிலப் பூதான், கண்வலிக் கெழங்கு, கலப்பைக் கெழங்குன்னு சொல்றதும் அதையேதான். அதோட வெதைலயும் கெழங்குலயும் கோல்சிசின் இருக்கு, வீக்கம் உள்ள எடத்துக்கு வெள்ளை அணுக்கள் ஓடிவர்றத அது தடுக்கும், யூரிக் ஆசிட் கூடி வர்ற கவுட்ங்கிற மூட்டுவலிக்கு டாக்டர்களே தர்ற மருந்துதான். மாரடைப்பு ஆபத்த கொறைக்கவும் 2023ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க. ஆனா அந்த மாத்திரைல இருக்கறது 0.5 மில்லிகிராம், கெழங்குல எவ்ளோ இருக்குன்னு அம்மி எப்படி அளக்கும்? கூடிப்போனா மொதல்ல வாந்தி பேதி, அப்பறம் எலும்பு மஜ்ஜை வரைக்கும் போயிரும், ஆஸ்பத்திரில முறிவு மருந்தும் கெடையாது. வெதைய வியாபாரிட்ட வித்து காசு பாருங்க, கெழங்க தோண்டுனா சோப்பு போட்டு கைய கழுவுங்க, சேப்பங்கெழங்கு சேனைக்கெழங்கு இருக்க கூடைல மட்டும் அத போட்டுறாதீங்க.