ஆல்-மவுன்டன் ஸ்கீ எது வாங்கலாம்? கேளுங்க

ஆல்-மவுன்டன்னா இறுகின பனி, புதுப் பனி எல்லாத்துக்கும் ஒரே ஸ்கீ. ரேஸ் ஸ்கீ, பேக்கன்ட்ரி (லிஃப்ட் இல்லாத மலை) எல்லாம் நம்ம ஏரியா இல்ல, லிஃப்ட் இருக்கிற மலைன்னா கேளுங்க.

ஸ்கார்பரோ தம்பி: அண்ணா, எப்பவும் இங்க ஒன்டாரியோல ப்ளூ மவுன்டன்தான், வருஷத்துக்கு ஒரு வாரம் மேற்கே வான்கூவர் பக்கம் விஸ்லர். ஒரே ஜோடி போதுமா? இடுப்பு, அதாவது ஸ்கீயோட நடுப்பகுதி, 100 மில்லிமீட்டர் அகலத்துல எடுக்கலாம்னு ஒரு ஐடியா.

வேண்டாம் தம்பி. அடிக்கடி போற மலைக்குத்தான் வாங்கணும். ப்ளூல பாதி மெஷின் பனி, ராத்திரி இறுகி காலையில கண்ணாடி மாதிரி கிடக்கும். இடுப்பு அகலமான ஸ்கீல எட்ஜ் (ஓரத்து இரும்பு விளிம்பு) பூட்ஸோட நடுக்கோட்டுல இருந்து தள்ளிப் போயிடும், அதைச் சாய்ச்சுக் கடிக்க வைக்க கூடுதல் பலம் வேணும், சாயங்காலம் முட்டி கணக்கு கேக்கும். 80ல இருந்து 88க்குள்ள எடு. விஸ்லர்ல புதுப் பனி கொட்டுற அன்னிக்கு மட்டும் அகலமானதை வாடகைக்கு எடுத்துக்க.

அப்புறம் நீ எப்படி ஓட்டுற ஆளு? டர்னிங் ரேடியஸ், அதாவது திரும்புற வட்டத்தோட ஆரம், ஸ்கீ மேலயே எழுதியிருக்கும். 14, 15 மீட்டர்னா சட்டுனு திரும்பும், 18க்கு மேல போனா வேகமா நீளமா போறவங்களுக்குத்தான். நார்டிகா என்ஃபோர்சர்னு ஒரு மாடல்ல ரெண்டு மெட்டல் தகடு, வேகத்துல நடுங்காது, ஆனா மெதுவா ஓட்டுறவனைப் பாடாப் படுத்தும். எலான் ரிப்ஸ்டிக்ல மெட்டல் இல்ல, லேசு, ஆனா மத்தியானம் பனி கிளறிப் போனப்புறம் தூக்கிப் போடும்.

பூட் வாங்கிட்டியா? காசு கம்மின்னா முதல்ல பூட், ஸ்கீ அப்புறம்.

கேள்வி: உயரம் 170, என்ன நீளம்?

தாடைக்கும் நெத்திக்கும் நடுவுல. முனை நல்லா தூக்கின ராக்கர்னா ஒரு 5 சென்டிமீட்டர் கூட. பூட் இருக்கா?

வான்கூவர்க்காரர்: 88ஐ தூக்கிட்டு விஸ்லர் வர்றதா? காமெடி பண்ணாதீங்க சார். 100தான் ஒரே ஸ்கீ.

உங்க ஊருப் பனி கடல் ஈரத்தோட கனமா விழும், அதுல 100 சுகம், யார் இல்லன்னா? கேட்டவர் இருக்கிறது ஸ்கார்பரோல சார்.

வான்கூவர்க்காரர்: சாய்க்கத் தெரிஞ்சவனுக்கு 100உம் ஐஸ்ல கடிக்கும்.

கடிக்கும், உங்களுக்கு. ஒரு டர்ன்ல இருந்து அடுத்த டர்னுக்கு மாத்த எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாருங்க, அங்கதான் அகலம் காட்டிக்குடுக்கும். 94ன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

கேள்வி: யூடியூப் பாத்து பைண்டிங்கை (பூட்ஸை ஸ்கீயோட பிடிக்கிற கிளிப்) நானே திருகிக்கலாமா?

கூடாது. எடை, உயரம், வயசு, பூட் சோல் நீளம், ஓட்டுற விதம் எல்லாம் வச்சு சார்ட் பாத்து செட் பண்றது அது. இறுக்கிட்டா விழும்போது கழலாது, கால் எலும்பு போயிடும். கடைக்குப் போங்க.

கேள்வி: கிஜிஜி விளம்பர சைட்ல பழைய ஸ்கீ ஒண்ணு 150 டாலர், வாங்கவா?

அடிப்பக்கம் எட்ஜ் ஓரமா நகத்தை ஓட்டிப் பாருங்க, வெடிப்பு தட்டுச்சுன்னா விட்டுடுங்க. பைண்டிங் ரொம்பப் பழசுன்னா கடைல தொடவே மாட்டாங்க.

கேள்வி: எந்த ப்ராண்ட் பெஸ்ட்?

மேல படிங்க.

கேள்வி: 168 உயரம், என்ன நீளம்?

மேலேஏஏ.

கேள்வி: பொண்ணுக்கு 11 வயசு, ஆல்-மவுன்டன் வாங்கித் தரவா?

வளர்ற பிள்ளைக்கு சீசன் வாடகைதான். இலையுதிர் காலத்துலயே போங்க, பனி விழுந்தப்புறம் போனா சைஸ் மிஞ்சாது.