அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது? – இ-சேவை கேள்வி பதில்

இ-சேவை மையம் நடத்துகிறேன். அரசாங்க வேலைகளைச் செல்போனிலேயே முடிப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருப்பூர்: அண்ணா, லைசென்ஸ் போட்டோவைப் போனில் காட்டினேன், டிராஃபிக் போலீஸ் ஃபைன் போட்டுவிட்டார். டிஜிலாக்கர் என்றால் செல்லுமா?

செல்லும். கேலரியில் இருக்கும் போட்டோ செல்லாது, அவர் செய்தது சரிதான். அரசின் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியைத் திறந்து, அதற்குள் இருக்கும் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் காட்டுங்கள். அசலுக்குச் சமமாக ஏற்கவேண்டும் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2018இலேயே சொல்லிவிட்டது. ஆனால் டிஜிலாக்கரில் நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல்தான். துறையிடமிருந்து நேராக வந்து 'இஷ்யூடு' பகுதியில் நிற்பதுதான் கணக்கு.

மதுரை: அப்பாவின் ஆதார் ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம்மை விட்டு வருஷக்கணக்காகிறது.

என் மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். உதவித்தொகையோ வருமானச் சான்றோ, எதைத் தொட்டாலும் ஓ.டி.பி.யில் வந்து நிற்கும். நம்பர் மாற்ற எந்தச் சான்றும் தேவையில்லை. அப்பாவை ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய்க் கைரேகை வைத்தால் போதும். நடமாட முடியாதவர் என்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள். 2021 முதல் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறார்கள், கட்டணம் உண்டு. தள்ளிப்போட வேண்டாம். விட்டுப்போன நம்பரைக் கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் அப்பாவின் ஓ.டி.பி. யாரோ ஒருவர் கையில்.

இன்னொன்று: வீட்டில் எல்லோருக்கும் மகன் நம்பரையே கொடுத்துவிடுகிறார்கள். மகன் துபாய் போனதும், ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவன் ஷிஃப்ட் முடிந்து போனை எடுக்கும்வரை இங்கே காத்திருக்க வேண்டியதுதான்.

ராணிப்பேட்டை: பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன் சார். பி.எஃப். பணம் எவ்வளவு என்று பார்க்க முடியுமா?

தாராளமாக. யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணில் பதிந்த போன் நம்பரிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுங்கள். இரண்டு ரிங்கில் தானே கட் ஆகும், எஸ்.எம்.எஸ்.ஸில் இருப்புத்தொகை வரும். காசு பிடிக்காது. யு.ஏ.என். ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும், ஆதார், பான், வங்கிக் கணக்கு இவற்றில் ஒன்றாவது அதில் இணைந்திருக்க வேண்டும். செயலி செயலியாக இறக்குகிற காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சேவை இது.

கடலூர்: ரேஷனில் வாங்காத சர்க்கரைக்கு மெசேஜ் வருகிறதே?

மெசேஜை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. 1967க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

சேலம்: வண்டிக்கு அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. திறக்கலாமா?

கூடவே கூடாது தம்பி. பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருக்கும் பாருங்கள், அது செயலி. நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்து வங்கி ஓ.டி.பி.யை எடுத்துவிடும். அபராதம் உண்மையா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அரசு அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புநர் பெயருக்குப் பின் ஒரு கோடும் ஆங்கில 'ஜி' எழுத்தும் இருக்கும். 2025இல் வந்த ஏற்பாடு. ஏற்கெனவே திறந்து பணம் போயிருந்தால், வங்கிக்கு ஓடுவதற்கு முன்னால் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.