பழைய கன்சோலா, புது மிக்சரா?

கேள்வி: வீட்டு மாடியில் கானா பதிவு செய்யச் சின்ன ஸ்டுடியோ போடுகிறேன். மூடிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து எண்பதுகளில் வந்த 24 சேனல் பிரிட்டிஷ் அனலாக் கன்சோல், அதாவது பெரிய ஸ்டுடியோ மிக்சர், விலைக்கு வருகிறது. அதே பணத்தில் 16 சேனல் புது அனலாக் மிக்சரே வாங்கலாம். பழசில்தான் ஒலியில் கனம் இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். எதை எடுக்கலாம், அண்ணே?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தம்பி, அந்தக் கனம் வயசால் வருவதில்லை. நீவ் என்ற கன்சோல் கம்பெனி 1970இல் வடிவமைத்த 1073 சேனலைத் திறந்து பாருங்கள். மைக் சிக்னல் நுழையும் இடத்தில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், வெளியேறும் இடத்தில் இன்னொன்று, நடுவில் கிளாஸ் ஏ முறையில், அதாவது சிக்னல் முழுக்க அணையாமல், ஓடும் ட்ரான்சிஸ்டர்கள். கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்ற ஏற்ற ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கொஞ்சம் திணறும். குரலுக்கு உடம்பு கொடுப்பது அதுதான். எண்பதுகளில் பல கம்பெனிகள் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு ஐ.சி. சிப் போட்டுவிட்டன. அதனால் பணம் பேசுவதற்கு முன் ஒரு சேனலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் பழசு என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

அடுத்தது நம்ம ஊர்க் காற்று. என் பட்டறை ராயபுரத்தில், கடலுக்குப் பக்கம். இங்கே வரும் மிக்சர்களில் ஸ்விட்ச் கால்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்க இழுக்கும் ஃபேடரைத் தொட்டாலே கரகரவென்று கத்தும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு 24 ஃபேடரையும் ஒவ்வொன்றாக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கெப்பாசிட்டர்களும் இத்தனை வருஷத்தில் உள்ளே காய்ந்திருக்கும். சில இடங்களில் பேஸ் மெலியும், பவர் சப்ளையில் என்றால் ஹம் என்கிற உறுமல் எட்டிப் பார்க்கும். எல்லாச் சேனலுக்கும் மாற்றினால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொருள் வாங்கும் செலவு பெரிசில்லை, கூலிதான் கையைக் கடிக்கும். இது போக, பெரிய கன்சோல் கக்கும் சூட்டுக்கு ஏ.சி.யும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பழசுக்கு நான் மார்க் போடும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் சேனல் சேனலாக உருவி எடுத்துக் கையாலேயே பற்றவைக்கலாம். விலை குறைந்த புது மிக்சர்களில் எல்லாம் ஒரே போர்டு, பொடிப்பொடிப் பார்ட்ஸ். ஒன்று போனால் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஆனால் இரைச்சலில்லாமல் சுத்தமாக எடுப்பதில் இன்றைய மிக்சரைக் குறை சொல்ல முடியாது.

சரி, கானாவுக்கு ஒரே நேரத்தில் எத்தனை மைக் வைப்பீர்கள்? குரல், டோலக், பானை, கோரஸ் என்று ஐந்தாறு. அதற்கு 24 எதற்கு, 16தான் எதற்கு? எட்டுச் சேனல் புது மிக்சர் ஒன்றை எடுங்கள். மிச்சப் பணத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள 1073 மாதிரி ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஒன்று, குரலுக்கு மட்டும். அசல் 1073ஐ ஏ.எம்.எஸ். நீவ் கம்பெனி இன்னும் செய்கிறது. விலை எட்டாவிட்டால் அதே சர்க்யூட்டில் வேறு கம்பெனிச் சரக்கும் கிடைக்கிறது.

கேள்வி: பழைய கன்சோலை ஆஃப் செய்யவே கூடாதாமே?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பெரிய ஸ்டுடியோக்களில் அப்படித்தான் விட்டுவைப்பார்கள். சூடேறிக் குளிர்ந்து சூடேறினால் பார்ட்ஸ் சீக்கிரம் களைத்துப்போகும். மின்வெட்டு உள்ள தெருவில் அந்த வைராக்கியம் வேண்டாம். நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள், ரெக்கார்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆன் செய்யுங்கள், போதும். ஸ்பீக்கரை மட்டும் கடைசியில் ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்யுங்கள்.