ஆரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீசிட்டிக்கு: புது வேலையில் முதல் மாதம்

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 2 வருஷம் இருந்தேன். அடுத்த வாரம் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்கிறேன். தெலுங்கு அரைகுறை. முதல் மாதம் எதில் கவனமாக இருக்க வேண்டும்? பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள் தம்பி, புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் அந்த 2 வருஷமும் சர்வீஸில் சேரும். 5 வருஷம் ஆகுமுன் எடுத்தால் வருமான வரி வரலாம். பென்ஷனுக்கோ 10 வருஷ சர்வீஸ் வேண்டும். பழைய யு.ஏ.என். எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள். பழைய கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதிவு செய்துவிட்டதா என்றும் பாருங்கள்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்தான். நமக்கு அப்பா பெயர் இனிஷியல். தெலுங்குக்காரர்களுக்கு முன்னால் வருவது வீட்டுப் பெயர். நான் தடா பக்கம் சேர்ந்தபோது, படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன். ஆதாரில் வெறும் இனிஷியல், பி.எஃப்.பில் அப்பாவின் முழுப்பெயர். அதைச் சரிசெய்ய பல மாதம் அலைந்தேன். ஆதாரில் எப்படி இருக்கிறதோ, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே எழுதுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் கூச்சமே வேண்டாம்.

தெலுங்கு போகப் போக வந்துவிடும். ஆனால் சில சொற்கள் முதல் நாளே தெரிந்தாக வேண்டும். ‘ஆகு’ என்றால் நில். ‘ஆப்பு’ போலக் காதில் விழுந்தால், மெஷினை நிறுத்தச் சொல்கிறார்கள். ‘ஜருகு’ என்றால் நகரு. ‘மூடு’ என்பது மூன்று! பெட்டி எண்ணும்போது ‘மூடு’ என்று குரல் வந்தால் மூடியைத் தேடாதீர்கள். மூத்தவர்களைப் பெயரோடு ‘காரு’ சேர்த்துக் கூப்பிடுங்கள்.

வேலையைக் கற்க நான் சொல்லும் வழி இதுதான்: ஷிஃப்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் ரிஜெக்ட் பெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு பீஸும் எதற்காகத் தள்ளப்பட்டது, ஓரத்தில் பிசிறா (பர்), அளவு குறைவா, கீறலா என்று முந்தின ஷிஃப்ட் ஆளிடம் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். எந்த மெஷினில் எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது என்பது கொஞ்ச நாளிலேயே பிடிபடும். உங்கள் பழைய கம்பெனி முறையை அதற்குள் யாரிடமும் எடுத்துச் சொல்லாதீர்கள். சந்தேகமான பீஸை மட்டும் யாருக்காகவும் பாஸ் பண்ணாதீர்கள்.

சம்பளச் சீட்டில் தொழில் வரி மாதாமாதம் பிடித்தால் பதறாதீர்கள். நம் பக்கம் அரையாண்டுக்கு ஒருமுறை, ஆந்திராவில் மாதக் கணக்கு. 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் 200 ரூபாய்.

அப்புறம், கம்பெனி பஸ் ஆரம்பாக்கம் வரை வருமா என்று இப்போதே கேளுங்கள். உங்கள் ஊர் வழியாகப் போகும் சூளூர்ப்பேட்டை ரயில்கள், கும்மிடிப்பூண்டி ரயில்கள் அளவுக்கு அடிக்கடி கிடையாது. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து எப்படி வீடு திரும்புவது என்பதைச் சேருமுன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.